இரவல் பெட்டகம்

“எல்லாம் இணையத்தில் இருக்கிறது ஐயா, கவலை வேண்டா.” இஃது இன்றைய ஆசிரியர் அறைகளில் நாள்தோறும் ஒலிக்கும் மந்திரம். இம்மந்திரத்தை நம்பிக் கெட்டவன் என்னும் உரிமையில் சில சொற்கள் எழுதத் துணிகின்றேன்.

சென்ற ஆண்டு எம் பள்ளியின் சிறப்பு மலருக்குப் பழைய படங்கள் தேவைப்பட்டன. 1962ஆம் ஆண்டுப் படம் ஒன்று எளிதில் கிடைத்தது. தோட்டத்துப் பலகைக் கட்டடத்தின் முன்னே வெறுங்காலுடன் பிள்ளைகள் நிற்கின்றனர். படத்தின் பின்புறத்தில் ஒவ்வொருவர் பெயரும் வரிசைப்படி எழுதப்பட்டுள்ளது. 2014 முதல் 2019 வரையிலான படங்களோ கிடைக்கவில்லை. அவற்றையெல்லாம் ஆசிரியர் ஒருவர் தம் பெயரில் திறந்த இலவச இணையப் பெட்டகத்தில் இட்டு வைத்திருந்தார். கடவுச்சொல் வேறு எவருக்கும் தெரியாது. புதிய கடவுச்சொல் கேட்டால், ஆறு இலக்க எண் ஒன்றை அவருடைய கைப்பேசிக்கு அனுப்பிவிட்டதாகத் திரை அறிவிக்கின்றது. அவர் காலமாகி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அந்த எண் இன்று எவர் கையில் உள்ளதோ, அறியோம். நிறுவனத்திற்கு நான்கு மடல்கள் எழுதினோம். நான்கிற்கும் எந்திரமே மறுமொழி தந்தது, அதுவும் ஒரே மறுமொழி.

ஒரு பள்ளியின் கவனக்குறைவு என்று இதை ஒதுக்கிவிடலாமா? யாஹூ நிறுவனம் தன் மடற்குழுக்களில் சேர்ந்திருந்த பழைய மடல்களை நீக்கப் போவதாக 2019 அக்டோபரில் அறிவித்தது. 2020 டிசம்பரில் அச்சேவையையே மூடிவிட்டது. சுங்கைப் பட்டாணியிலிருந்து டாக்டர் ஜெயபாரதி நடத்திவந்த ‘அகத்தியர்’ குழு இயங்கியதும் அங்கேதான். இலக்கியமும் வரலாறும் சமயமும் அங்கே பேசப்பட்டன. தனியே படியெடுத்து வைத்தவர்களிடம் உள்ளதே இனி எச்சம். ஆர்குட் 2014இலேயே மறைந்தது. இடம் கொடுத்தவன் இடத்தை மூடினான். அவனைக் குறை கூற நமக்கு என்ன உரிமை? வாடகை கொடுத்தோமா?

வாட்சாப்புக்குப் ‘புலனம்’ என்று பெயர் சூட்டினோம். பெயர் நமதாயிற்று, பொருள் நமதாயிற்றா? 2021 அக்டோபர் 4ஆம் நாள், நம் நாட்டில் நள்ளிரவு நெருங்கும் வேளையில், முகநூலும் புலனமும் ஒருசேர நின்றன. வழக்கமான பராமரிப்பின்போது இடப்பட்ட ஒரு கட்டளை, அந்நிறுவனத்தின் தரவு நிலையங்களுக்கிடையிலான இணைப்புகளையெல்லாம் துண்டித்துவிட்டது. ஏறத்தாழ ஆறு மணி நேரம், அதன் பொறியாளர்களே தம் கருவிகளைக் கையாள முடியாமல் திண்டாடினர். நமக்கு அஃது உறங்கும் நேரம், தப்பினோம். மழைக்காலத்தில், காலை ஆறு மணிக்கு, வெள்ளம் சூழ்ந்த பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்ப வேண்டா என்று அறிவிக்க வேண்டிய நேரத்தில் இவ்வாறு நேர்ந்தால் என்ன செய்வோம்? ஆசிரியர் கூட்டத்தில் இவ்வினாவை எழுப்பினேன். “தொலைபேசியில் அழைக்கலாம்” என்றார் ஒருவர். பெற்றோர் எண்கள் எங்கே உள்ளன என்றேன். புலனக் குழுவில் என்றார்.

என்னைப் பழைமைவாதி என்பார் உளர். 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கிப் பள்ளிக் கதவுகள் அடைபட்டபோது, இக்கருவி இல்லையேல் பிள்ளைகளின் குரலைக்கூடக் கேட்டிருக்க மாட்டோம். (வீட்டிலிருந்த ஒரே கைப்பேசியைத் தந்தை வேலைக்குக் கொண்டுசென்ற வீடுகளில் அதுவும் வாய்க்கவில்லை என்பது வேறு.) கணினியில் தமிழ் எழுத 1980களிலேயே ‘முரசு’ மென்பொருளைப் படைத்தவர் நம் நாட்டு முத்து நெடுமாறன் என்பதில் எனக்குள்ள பெருமிதம் சிறிதன்று. கருவியோடு எனக்குப் பகையில்லை. சோம்பலோடு உண்டு.

பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் 1816இல் தொடங்கிய தமிழ் வகுப்பை முதலாகக் கொண்டு, 2016இல் தமிழ்க்கல்வியின் இருநூறாம் ஆண்டைக் கொண்டாடினோம். ஆண்டு நமக்கு எவ்வாறு தெரிந்தது? எவரோ தாளில் எழுதினார். வேறு எவரோ அத்தாளை எறியாதிருந்தார். தோட்டங்கள் துண்டாடப்பட்டன, மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தனர், பள்ளிகள் பல மூடப்பட்டன, சில இடம் மாறின. கட்டடமே அழிந்த பின்னர் அங்கொரு பள்ளி இருந்தது என்பதற்குச் சான்று, எஞ்சிய பதிவேடுகளும் படங்களுமே. தமிழ்ப்பள்ளி எதற்கு என்று கேட்போர் இன்றும் ஓயவில்லை. அவர்களுக்குக் காட்ட வேண்டிய சான்றை, சாவி நம்மிடம் இல்லாத பெட்டகத்தில் பூட்டி வைப்பது அறிவுடைமை ஆகுமா? முகநூலில் மட்டும் கவிதை எழுதி விருப்பக்குறிகளை எண்ணி மகிழும் எழுத்தாள நண்பர்களையும் கேட்கின்றேன்: ஐந்தாண்டுகளுக்கு முன் எழுதியதை இன்று தேடியெடுத்துத் தருவீர்களா?

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குப் பதிவேடு எழுதும் முறையைக் கற்பித்தனர். மையால் எழுதுக, பிழை நேர்ந்தால் சுரண்டாதே, கோடிட்டுத் திருத்திச் சுருக்கொப்பமிடு. வறட்டு விதி என்று அன்று முணுமுணுத்தோம். இவ்வாண்டுத் தொடக்கத்தில் தடித்த பேரேடு ஒன்று வாங்கிப் பெற்றோர் எண்களையெல்லாம் வகுப்பு வாரியாக எழுதச் செய்தேன். விழாதோறும் பத்துப் படங்களை அச்சிட்டு, பின்புறம் பெயர் எழுதி, இரும்பு அலமாரியில் வைக்கப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்திடம் 150 வெள்ளி கேட்டேன். இணையத்தில் இலவசமாக வைக்கலாமே என்றார் ஓர் உறுப்பினர். 1962ஆம் ஆண்டுப் படத்தை மேசைமேல் வைத்தேன். அரைமணி நேர வாதத்திற்குப் பின் பணம் ஒதுக்கப்பட்டது. இளம் ஆசிரியை ஒருவர் இப்போது பெயர்களை எழுதி வருகின்றார்; இரண்டாம் ஆண்டு வகுப்பில் இன்னும் ஒன்பது பெயர்கள் எஞ்சியுள்ளன.