கை போனபோது யார் இருந்தார்கள்?

1972-இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸின் முதல் இதழாக ‘இரும்புக்கை மாயாவி’ வந்தது. கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போய்த் திரும்பும் குடும்பங்களின் பெட்டிகளில், முறுக்கு டின்னோடு சேர்ந்து இந்தப் புத்தகங்களும் செகந்திராபாத்தின் லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு வரும். தமிழ் படிக்கத் தெரியாத தெருப் பையன்களுக்குத் தெலுங்கும் உருதுவும் கலந்து கதை சொல்வோம். பணிமனை மதிலோரம் வளர்ந்தவர்களுக்கு இரும்பு பழகிய பொருள். ஆனாலும் மின்சாரம் பாய்ந்ததும் மாயாவியின் உடல் மறைந்து இரும்புக்கை மட்டும் மிதக்கும் என்றதும் வாயைப் பிளப்பார்கள். ஒருவன் மட்டும் கேட்டான்: கை போனபோது அவனுக்கு யாருமே இல்லையா?

அன்று பதில் தெரியவில்லை. 1962-இல் பிரிட்டனின் ‘வேலியன்ட்’ இதழில் அறிமுகமான லூயிஸ் கிராண்டேல்தான் நம் மாயாவி; சோதனைக்கூட விபத்தில் வலக்கையை இழந்தவன். மறையும் ஆற்றல் கைவந்ததும் அவன் முதலில் போனது குற்றத்தின் பக்கம். நிழற்படை என்ற உளவு அமைப்புக்கு வேலை செய்ததெல்லாம் பிறகுதான்.

ஆனால் துயரம் நாயகனை வார்த்தெடுக்கும் என்பது 1939-இல் பேட்மேனின் பெற்றோர் சுட்டுக் கொல்லப்பட்ட நாளிலிருந்து நமக்குச் சொல்லப்படும் கதை. நம் திரைக்கதைகளும் முதல் பத்து நிமிடத்துக்குள் யாரையாவது சாகடித்துவிட்டு, நாயகனைத் தயார் செய்துவிட்டதாக நம்புகின்றன.

பாசில் ஜோசப்பின் மலையாளப் படம் ‘மின்னல் முரளி’ (2021) இந்த நம்பிக்கையில் கை வைத்தது. ஒரே இரவில் இருவர் மீது மின்னல் விழுகிறது. ஜெய்சனுக்கு எடுத்து வளர்த்த தையல்கார அப்பா இருக்கிறார்; சூப்பர்ஹீரோ கதைகளில் ஊறிய அக்காள் மகன் இருக்கிறான். ஷிபுவையோ ஊர் பைத்தியம் என்று ஒதுக்கி வைத்திருக்கிறது. அவனுக்கென்று இருந்த ஒரே ஆள் உஷா. அவள் தீயில் சாகிறாள். அவன் ஊரைக் கொளுத்துகிறான். கூத்துப்பட்டறையில் தேர்ந்த குரு சோமசுந்தரம் அவனாக நின்றபோது, வில்லன் என்று சொல்ல நா கூசியது.

இருவருக்கும் ஆற்றலைக் கொடுத்தது மின்னல். அதை எதற்குச் செலவிடுவது என்பது, வீட்டுக்குத் திரும்பினால் கதவைத் திறக்க ஆள் உண்டா என்பதைப் பொறுத்திருந்தது.

நாம் எழுதும் கதைகளிலும் தனியர்கள் ஏராளம். அவர்களது வலியை நுணுக்கமாக எழுதுகிறோம். அவர்களை ஒதுக்கிய தெருவை எழுத மட்டும் பேனா தயங்குகிறது. அந்தத் தெருவில்தான் நாமும் குடியிருக்கிறோம்.