உலகத் திட்டமும் நம் வீட்டு இளைஞரும்

நாட்டின் முன்னேற்றத்தைப் பற்றிப் பேசுவோர் இளைஞரை முன்னிறுத்திப் பேசுவது மரபாகிவிட்டது. உலக மன்றங்களும் இதற்கு விலக்கல்ல. 2015-ஆம் ஆண்டு செப்டம்பர் 25-ஆம் நாள் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட நிலையான வளர்ச்சித் திட்டத்தில் 17 குறிக்கோள்களும் 169 இலக்குகளும் அடங்கியுள்ளன. 2030-க்குள் அவற்றை எய்துவதாக நாடுகள் உறுதி பூண்டன. 2024 செப்டம்பரில் நியூயார்க்கில் ஏற்கப்பட்ட எதிர்கால உடன்படிக்கையில் இளைஞருக்கும் வருங்காலத் தலைமுறையினருக்கும் தனி அதிகாரமே ஒதுக்கப்பட்டது. ஏட்டளவில் குறை சொல்ல இடமில்லை. அந்த ஏடு எளியோர் வீட்டு வாசலை எட்டும்போது என்னவாகிறது என்பதே நாம் எண்ணிப் பார்க்க வேண்டுவது.

இதற்குத் தொலைவில் சான்று தேட வேண்டுவதில்லை. ஜங்புராவில் பாராபுல்லா வடிகாலை ஒட்டி, தமிழகத்தினின்றும் பிழைப்பு நாடி வந்த நம்மவர் பல பத்தாண்டுகளாக வாழ்ந்த மதராசி கேம்ப் என்னும் குடியிருப்பு, 2025 ஜூன் முதல் நாள் இடித்து அகற்றப்பட்டது. தில்லி உயர்நீதிமன்றம் அதற்கு முந்திய மே மாதத்தில் இதற்கு ஆணையிட்டிருந்தது. ஆங்கிருந்த 370 குடிசைகளுள் 189 குடும்பங்களே மாற்று வீட்டுக்குத் தகுதியுடையன எனக் கணக்கிடப்பட்டன. அவ்வீடுகளும் நகரின் வடகோடியில், ஏறத்தாழ 40 கிலோமீட்டருக்கு அப்பால், நரேலாவில் அமைந்தவை. லோதி எஸ்டேட்டிலுள்ள தமிழ்ப் பள்ளிக்குச் சென்று வந்த பிள்ளைகளும் அக்குடும்பங்களில் உண்டு. நரேலாவின் அருகே அத்தகைய பள்ளி இல்லை.

வடிகாலைச் சீர்செய்வது தேவையன்று என எவரும் கூறார். மழைக்காலத்தில் நீர் தேங்கித் தலைநகர் படும் தொல்லையை நாம் அனைவரும் அறிவோம். வெள்ளத்தால் விளையும் கேட்டைக் குறைப்பதும் உலகத் திட்டத்தின் பதினொன்றாம் குறிக்கோளில் அடங்கியதே. ஆயினும், யாவர்க்கும் தகுந்த உறைவிடம் என்பதும் அதே குறிக்கோளின் முதல் இலக்காக நிற்கிறது. ஒரே ஏட்டில் எழுதிய இரண்டு நன்மைகள் ஒன்றோடொன்று மோதும்போது, தமக்காகப் பேச ஆளில்லாதவருடைய நன்மையே பின்தள்ளப்படுகிறது. இது கருதியே முடிவெடுக்கும் இடங்களில் எல்லோருக்கும் பங்கு வேண்டுமெனப் பதினாறாம் குறிக்கோள் கூறுகிறது. ஒவ்வொருவர்க்கும் சட்டமுறையான அடையாளச் சான்று வேண்டுமென்பதும் அதன் இலக்குகளுள் ஒன்று.

சான்று என்பது சிறு செய்தியன்று. 2015-ஆம் ஆண்டின் தில்லிக் குடிசை மாற்றுக் கொள்கைப்படி, 1-1-2015-க்கு முன்பே அக்குடிசையில் குடியிருந்தமையை ஆவணங்காட்டி மெய்ப்பிக்க வேண்டும். வாக்காளர் பட்டியலில் பெயர் விடுபட்டுப் போனாலும், ரேஷன் கார்டில் முகவரி மாறியிருந்தாலும், பல்லாண்டு வாழ்ந்தவரும் வாழாதவராகி விடக்கூடும். அறிவிப்புக்களோ இந்தியிலும் ஆங்கிலத்திலும் வருகின்றன. வீட்டு வேலையும் கூலி வேலையும் செய்து குடும்பத்தைத் தாங்கிய பெற்றோருட் பலர்க்கு அவை விளங்குவதில்லை. இங்குப் பிறந்து இங்கே பயின்ற அவர்தம் மக்கள் மும்மொழியும் அறிந்தவர்கள். இளைஞர் ஆற்றல் என்று நாம் சொல்வது இதனையே.

அவ்வாற்றலுக்குக் கருவியும் உண்டு. அரசியலமைப்பின் 61-ஆம் திருத்தத்தால் 1989 முதல் வாக்குரிமை வயது 21-லிருந்து 18 ஆயிற்று. 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டப்படி, 10 ரூபாய்க் கட்டணத்துடன் விண்ணப்பம் எழுதினால், பொதுவாக 30 நாட்களுக்குள் அலுவலகம் விடை தரக் கடமைப்பட்டுள்ளது. கணக்கெடுப்பில் தம் குடும்பத்தின் பெயர் உண்டா, இல்லையெனில் காரணம் யாது, பிள்ளைகளைப் பள்ளியிற் சேர்க்க என்ன ஏற்பாடு என்றெல்லாம் ஓர் இளைஞனோ இளம்பெண்ணோ முறைப்படி கேட்கலாம். இடிக்கும் நாள் குறித்தபின் கேட்பதைவிட, கணக்கெடுக்க வரும் நாளிலேயே கேட்பது பயன்தரும்.

எனவே நம் அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். அரசுக் குடியிருப்புக்களிலும் சொந்த வீடுகளிலும் வாழும் நம் பிள்ளைகளும், ஜுக்கிகளில் வாழும் நம்மவர் பிள்ளைகளும் பெரும்பாலும் விழா மேடைகளில் மட்டுமே சந்திக்கின்றனர். திங்களில் ஒரு ஞாயிறு காலை இரு சாராரும் கூடட்டும். முதியோரின் ஆவணங்களை வரிசைப்படுத்தி, பெயர்ப்பிழைகளைக் குறித்து, வாக்காளர் பட்டியலைச் சரிபார்த்து, வந்த அறிவிப்பைத் தமிழில் படித்துக் காட்டட்டும். சட்டம் பயின்ற பெரியோர் அருகிருந்து வழிகாட்டலாம். நரேலாவுக்குச் சென்ற குடும்பங்களின் பிள்ளைகள் படிப்பை விட்டுவிடாமல் தொடர்கின்றனரா என்று நேரிற் சென்று வினவுவதும் இக்கூட்டத்தின் பணியாகலாம்.

2030 நெடுந்தொலைவில் இல்லை. அதற்குள் உலகம் தன் உறுதியைக் காக்குமோ, காவாதோ, நாம் அறியோம். நம் தெருவிலுள்ள ஒரு குடும்பம் ஒரு தாளைக் காட்ட முடியாமையால் வீடிழக்காதவாறு காப்பது நம் இளைஞரால் இயலும். அவர்களை அதற்கு அழைப்பதும் பழக்குவதும் பெற்றோராகிய நமது கடமை.