முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள்!

கம்ப்யூட்டரில் சத்தம் குறைந்துவிட்டதா? கரகரக்கிறதா? உடனே 'சவுண்ட் கார்டு போச்சு' என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ரிப்பேர் என்பது பாகத்தை மாற்றுவதல்ல. பழுது எங்கே என்று கண்டுபிடிப்பதுதான். இது என் உறுதியான கருத்து.

இதற்குப் பழைய வால்வு கருவிகள் நல்ல வாத்தியார்கள். வால்வு நம் கோவைக்குப் புதிதல்ல. ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குத் தயாரிக்க முடியும் என்று 1941-ல் அறிவித்தவர் ஜி.டி. நாயுடு. கிட்டார் வாசிப்பவர்கள் பலர் இன்றும் வால்வு ஆம்ப்ளிஃபயரைத்தான் விரும்புகிறார்கள்.

பெரியநாயக்கன்பாளையத்தில் என் நண்பர் ஒருவரின் வால்வு ஆம்ப்ளிஃபயரில் ஒலி திடீரென்று பலவீனமாகி, கரகரத்தது. "எல்லா வால்வையும் மாத்தோணும்ங்க" என்றார் மெக்கானிக். அது பெரிய செலவு.

நாங்கள் முதலில் கிட்டாரையும் கேபிளையும் மாற்றிப் பார்த்தோம். பலனில்லை. அடுத்து, பின்புறம் எஃபெக்ட்ஸ் கருவிகளுக்காக உள்ள சென்ட், ரிட்டர்ன் சாக்கெட்டுகளை ஒரு சிறு கேபிளால் இணைத்தோம். கணீரென்று ஒலி வந்தது! ரிட்டர்ன் சாக்கெட்டில் எதுவும் செருகாதபோது, அதற்குள் இருக்கும் சிறு தகடுதான் சிக்னலைக் கடத்தும். அதில் அழுக்கு படிந்திருந்தது. கான்டாக்ட் க்ளீனரால் சுத்தம் செய்ததும் வேலை முடிந்தது. வால்வைத் தொடவே இல்லை.

ஓர் எச்சரிக்கை: வால்வு ஆம்ப்ளிஃபயருக்குள் பல நூறு வோல்ட் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். நீங்களாகத் திறக்காதீர்கள். ஸ்பீக்கரை இணைக்காமல் ஆன் செய்யவும் கூடாது, டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோகலாம்.

புரோகிராமில் பிழை தேடும்போதும் நாங்கள் இப்படித்தான் செய்கிறோம். பாதையைப் பிரித்து, பிழை எந்தப் பக்கம் என்று பார்ப்போம். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டுமே!

உங்கள் கம்ப்யூட்டருக்கும் இதே வழிதான். முதலில் வேறு பாட்டைப் போடுங்கள். அது சரியாகக் கேட்டால் கோளாறு பழைய ஃபைலில். இல்லையென்றால், ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு அதே சாக்கெட்டில் ஹெட்போனைச் செருகுங்கள். ஒலி நன்றாக இருந்தால் கோளாறு ஸ்பீக்கரிலோ அதன் வயரிலோ. அப்போதும் கரகரத்தால், அந்த ஹெட்போனை வேறு கருவியில் சோதியுங்கள். அங்கே நன்றாகக் கேட்டால்தான் வால்யூம் செட்டிங், டிரைவர், சவுண்ட் கார்டு என்று கம்ப்யூட்டருக்குள் தேட வேண்டும்.

இனி யாராவது 'மாத்தணும்' என்றால், "எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்று கேளுங்கள். பதில் சரியாக இருந்தால் மட்டும் பர்ஸைத் திறங்கள்!