செத்த நிலம் எது?

கோவை வட்டாரத்து மேடைகளில் ‘பாலையைச் சோலையாக்குவோம்’ என்னும் முழக்கம் அடிக்கடி எழுகிறது. நோக்கத்தை நாம் குறை கூறவில்லை. ஆனால் பாலை என்று எதைக் காட்டுகிறார்கள்? காங்கயம், தாராபுரம், மூலனூர்ப் பகுதிகளின் கொறங்காட்டையல்லவா காட்டுகிறார்கள்! இங்கேதான் நாம் மறுக்க நேர்கிறது.

ஃபிக்ஹு நூல்களில் ‘இஹ்யாவுல் மவாத்’, அதாவது செத்த நிலத்தை உயிர்ப்பித்தல் என்று தனிப் பாடமே உண்டு. அந்நிலம் மெய்யாகவே செத்ததுதானா என்பதே அதில் முதல் விசாரணை. ஊரார் கால்நடை மேய்க்கும் இடமும் விறகு பொறுக்கும் இடமும் மவாத் ஆகா. மதீனாவுக்கு அருகே நகீஉ என்னும் புல்வெளியை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் குதிரைகளுக்கென்று ஹிமாவாக ஒதுக்கினார்கள். புல்தரையைப் பாழென்று தள்ளும் மயக்கம் அங்கே இருக்கவில்லை.

கொறங்காடு என்பது கொழுக்கட்டைப் புல்லும், இடையிடையே வெள்வேல மரமும், சுற்றிலும் கிளுவை உயிர்வேலியும் கொண்ட மேய்ச்சல் நிலம். ஒரு காட்டில் மேய்ந்த மாட்டை வேலிக்கு அப்பால் மாற்றிவிட்டால், மேய்ந்த இடம் மீண்டும் தழைக்கும். கோடையில் வெளுத்துக் கிடக்கும்; வேர் சாவதில்லை. உதிரும் வெள்வேலங்காய் ஆட்டுக்குத் தீனி. காங்கயம் காளை இந்தப் புல்லில் வளர்ந்ததே. மலையின் மழைமறைவில், ஆண்டுக்கு ஏறத்தாழ 600 மில்லிமீட்டர் மழையே பெறும் மண்ணில் இதைவிடச் சிக்கனமான பசுமையை எவர் கண்டார்?

மரம் நடுவது ஸதகா அன்றோ என்பர். ஐயமில்லை. உயிருள்ள புல்லைக் கிளறி எறிந்துவிட்டு, ஆழ்துளைக் கிணற்று நீரை ஊற்றிக் கன்று வளர்ப்பதற்கும் அப்பெயர்தானா? சவூதி அரேபியா அந்த வழியை நமக்கு முன்பே நடந்து பார்த்துவிட்டது. 1980களில் மணல்வெளியில் கோதுமை விளைவித்து ஏற்றுமதியும் செய்தது. இறைத்ததோ பல்லாயிரம் ஆண்டுப் பழைய நிலத்தடி நீர். மழையால் மீளாத நீர். 2008-ல் அரசே உள்நாட்டுக் கோதுமைக் கொள்முதலைப் படிப்படியாகக் குறைக்க முடிவு செய்தது.

செத்த நிலம் கொங்கில் இல்லாமலில்லை. நொய்யலின் கீழ்ப்புறம் செல்லுங்கள். பாசனத்துக்கென 1992-ல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கிற்று. கிணறும் வயலும் உப்பேறின. சென்னை உயர்நீதிமன்றம் 2011-ல் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும்வரை போயிற்று விவகாரம். உயிர்ப்பிக்கும் ஆவல் உடையோர் கொறங்காட்டை விட்டு அந்தக் கரைக்கு வரட்டும். மண்வெட்டியோடு நாமும் வருகிறோம்.