கூடுதல் சேவையா? கூடுதல் செலவா?

"நேத்து சாயங்காலம்தானே 50 ரூபாய்க்கு டாப்-அப் போட்டேன். ஒருத்தருக்கும் பேசவே இல்லை. இப்ப பார்த்தா 30 ரூபாயைக் காணோம். என்னங்க அநியாயம் இது?"

2010-ம் ஆண்டு வாக்கில் ரீசார்ஜ் கடைகளில் தினமும் கேட்ட குரல் இது. கடைக்காரர் பாவம், என்ன செய்வார்? "அண்ணே, காலர் ட்யூன் ஏறியிருக்கும். கம்பெனிக்கு போன் பண்ணிக் கேளுங்க" என்பார். கம்பெனிக்கு போன் செய்தால் மெஷின் பேசும். ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று சொல்லிக்கொண்டே போகும். மனிதக் குரல் வருவதற்குள் பஸ் வந்துவிடும். ஆபீசுக்குப் போகிறவர் 30 ரூபாயைத் தலைமுழுகிவிட்டு ஏறிவிடுவார்.

இதில் இன்னொரு வேடிக்கை. அந்தப் பாட்டைக் காசு கொடுத்தவர் கேட்கவே முடியாது. அவரைக் கூப்பிடுகிறவர்தான் கேட்பார். கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த கதைதான்!

பாட்டு மட்டுமா? ராசிபலன், கிரிக்கெட் ஸ்கோர், ஜோக், சினிமாச் செய்தி என்று பட்டியல் நீண்டது. இதற்கெல்லாம் செல்போன் கம்பெனிகள் வைத்த பெயர் "மதிப்புக் கூட்டு சேவை". யாருக்கு மதிப்பு கூடியது? வாடிக்கையாளருக்கா, கம்பெனிக்கா? அதுதான் கேள்வி.

பழைய கதையை இப்போது ஏன் கிளற வேண்டும் என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. டேட்டா, வீடியோ, பணப்பட்டுவாடா என்று புதுப்புதுச் சேவைகளுக்கு கம்பெனிகள் இன்றும் திட்டம் போட்டுக்கொண்டே இருக்கின்றன. பழைய பாடத்தை மறந்தால் பழைய கூத்துதான் மறுபடியும் நடக்கும்.

பெட்டியும் அவர்களிடம், சாவியும் அவர்களிடம்

1995-ம் ஆண்டு ஜூலை 31-ந் தேதி, மேற்கு வங்காள முதல்-மந்திரி ஜோதிபாசு கல்கத்தாவில் இருந்து டெல்லியில் மத்திய மந்திரி சுக்ராமுடன் பேசினார். இந்தியாவில் செல்போன் பேச்சு அப்படித்தான் தொடங்கியது. அந்தக் காலத்தில் நாம் கூப்பிட்டாலும் காசு, நம்மைக் கூப்பிட்டாலும் காசு. 2003-ல் வரும் அழைப்பு இலவசம் ஆயிற்று. 2009-ல் ஒரு வினாடிக்கு ஒரு பைசா என்று போட்டி வந்தது. பேச்சில் வந்த லாபம் சுருங்கியது. வேறு வருமானம் தேட வேண்டிய கட்டாயம் கம்பெனிகளுக்கு.

வியாபாரி வருமானம் தேடுவது தப்பு இல்லை. தேடிய வழிதான் தப்பு.

பிரீபெய்டு கணக்கில் நம் பணம் முன்கூட்டியே கம்பெனியின் பெட்டியில் இருக்கிறது. பெட்டியும் அவர்களிடம், சாவியும் அவர்களிடம். திடீரென்று திரையில் ஒரு அறிவிப்பு வரும். அதை விலக்குவதற்காக ஒரு பொத்தானை அழுத்தினால் அதுவே "சம்மதம்" ஆகிவிடும். காசு கழிந்துவிடும். ஓட்டலில் இட்லி கேட்டவர் இலையில் கேட்காத வடையையும் வைத்து பில் போட்டால் நாம் சும்மா இருப்போமா? செல்போனில் இருந்தோம்!

புகார்கள் குவிந்த பிறகு தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் தலையிட்டது. 2011 ஜூலையில் ஒரு உத்தரவு, 2013 ஜூலையில் அதைவிடக் கடுமையான உத்தரவு. வாடிக்கையாளர் இரண்டு முறை சம்மதம் சொன்னால்தான் காசு கழிக்கலாம் என்று ஆயிற்று. சேவையை நிறுத்துவதற்கு எல்லா கம்பெனிகளுக்கும் பொதுவாக 155223 என்ற இலவச எண்ணும் வந்தது.

நிஜமாகவே மக்கள் விரும்பிய சேவை என்றால் இரண்டு முறை கேட்பதற்கு ஏன் பயப்பட வேண்டும்? கேட்டால் "வேண்டாம்" என்பார்கள் என்று தெரிந்ததால்தானே கேட்காமல் எடுத்தார்கள்?

ஜப்பான் காட்டிய வழி

இதே வியாபாரத்தை ஒழுங்காகவும் செய்யலாம். 1999 பிப்ரவரியில் ஜப்பானின் டோகோமோ கம்பெனி "ஐ-மோடு" என்ற சேவையைத் தொடங்கியது. செய்தி, வங்கிக் கணக்கு, டிக்கெட், விளையாட்டு எல்லாம் செல்போனில். வேண்டியதைத் தேர்ந்தெடுத்து மாதச் சந்தா கட்டலாம். சந்தாவை வசூலித்துக் கொடுத்ததற்கு டோகோமோ எடுத்துக்கொண்ட பங்கு 9 சதவீதம். மீதி, சரக்கைத் தயாரித்தவருக்கு. தயாரிப்பவருக்குக் காசு கிடைத்ததால் நல்ல சரக்கு வந்தது. நல்ல சரக்கு வந்ததால் மக்கள் தாங்களே தேடி வாங்கினார்கள்.

நம் நாட்டில் நிலைமை தலைகீழ். வந்த காசில் பெரும் பங்கு செல்போன் கம்பெனிக்கே போயிற்று. பாட்டையும் படத்தையும் தயாரித்தவர் கைக்கு வந்தது சில்லரை. நல்ல சரக்கு எப்படி வரும்?

கென்யா கற்றுத் தந்த பாடம்

பணப்பட்டுவாடாவுக்கு ஆப்பிரிக்காவைப் பார்க்க வேண்டும். கென்யாவில் 2005-ல் ஒரு சோதனை நடந்தது. சிறு கடன் வாங்கியவர்கள் செல்போன் வழியாகத் தவணை கட்டட்டும் என்பது திட்டம். மக்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? தவணை கட்டியதோடு நிற்கவில்லை. ஒருவருக்கொருவர் பணம் அனுப்பத் தொடங்கிவிட்டார்கள். நகரத்தில் வேலை பார்க்கிறவருக்கு ஊரில் இருக்கும் தாய்க்குப் பணம் அனுப்ப வேண்டும். அவர் தேவை அது.

சபாரிகாம் கம்பெனி அதைப் புரிந்துகொண்டது. போட்ட திட்டத்தை மாற்றிக்கொண்டு, 2007 மார்ச்சில் "வீட்டுக்குப் பணம் அனுப்புங்கள்" என்று சொல்லி "எம்-பெசா"வைத் தொடங்கியது. பெசா என்றால் சுவாகிலி மொழியில் பணம். நம் பைசாவுக்குச் சொந்தம் என்கிறார்கள். தெருமுனைப் பெட்டிக்கடையே வங்கி போல ஆயிற்று. கடைக்காரரிடம் நோட்டைக் கொடுத்தால் செல்போனில் பணம் ஏறும். ஊரில் இருப்பவர் அங்குள்ள கடையில் நோட்டாக வாங்கிக்கொள்வார். சாதாரண போனே போதும்.

திட்டம் போடுகிறவர் மக்களைக் கவனித்தார். மக்கள் பிழைத்தார்கள், கம்பெனியும் பிழைத்தது.

அதே எம்-பெசா 2013-ல் இந்தியாவுக்கும் வந்தது. 2019-ல் மூடிவிட்டார்கள். கென்யாவில் தழைத்த செடி இங்கே ஏன் பட்டுப்போனது? 2016 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி கவர்னராக இருந்த ரகுராம் ராஜன் யு.பி.ஐ.யைத் தொடங்கிவைத்தார். எந்த வங்கி, எந்த செல்போன் கம்பெனி என்ற பேதம் இல்லாமல் நேரே வங்கிக் கணக்குக்குப் பணம் போயிற்று. 2025 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் 2,000 கோடிக்கும் மேற்பட்ட பரிமாற்றங்கள் யு.பி.ஐ.யில் நடந்தன. இன்று பூக்கடையிலும் டீக்கடையிலும் அட்டை தொங்குகிறது. நாமே பார்த்து, நாமே அனுப்புகிறோம். அதனால்தான் நம்பிக்கை வந்தது.

நம்பிக்கையைக் கெடுத்துக்கொண்டவர்களும் உண்டு. சிம் கார்டுக்காக ஆதாரைச் சரிபார்த்தபோது, வாடிக்கையாளருக்குத் தெரியாமலே ஏர்டெல் பேமெண்ட்ஸ் பேங்கில் கணக்கு தொடங்கப்பட்டதாகப் புகார் எழுந்தது. பலருடைய கேஸ் மானியம் அந்தக் கணக்கில் போய் விழுந்தது. 2017 டிசம்பரில் ஆதார் ஆணையம் சரிபார்ப்பு அனுமதியை நிறுத்திவைத்தது. 2018 மார்ச்சில் ரிசர்வ் வங்கி 5 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. காலர் ட்யூனில் நடந்த கூத்து, வங்கிக் கணக்கிலும் நடந்தது!

வீடியோ கனவு

2010-ல் நடந்த 3ஜி ஏலத்தில் மத்திய அரசுக்குச் சுமார் 67,700 கோடி ரூபாய் கிடைத்தது. கொட்டிக் கொடுத்த கம்பெனிகள், முகம் பார்த்துப் பேசும் வீடியோ கால், கையிலே டி.வி. என்று விளம்பரம் செய்தன. 1 ஜி.பி. டேட்டாவுக்கு 250 ரூபாய் அளவில் விலை வைத்தால் யார் படம் பார்ப்பார்கள்? 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. விலை சரிந்தது. மக்கள் பார்க்கத் தொடங்கினார்கள். பார்த்தது கம்பெனியின் டி.வி.யை அல்ல, யூடியூபை. முகம் பார்த்துப் பேசியது வாட்ஸ்அப்பில். தனக்கு வேண்டியதை மனிதன் தானே தேடிக்கொண்டான்.

பழைய சரக்கு, புதிய டப்பா

இன்று யாரும் காலர் ட்யூனை ரகசியமாக ஏற்றுவதில்லை என்றே வைத்துக்கொள்வோம். பேக்குக்குள்ளேயே எல்லாவற்றையும் கட்டிவிடுகிறார்களே, அது என்ன?

வீட்டில் இருக்கும் வயதான அம்மாவுக்கு மகனிடம் பேசினால் போதும். தினம் 1 ஜி.பி., 2 ஜி.பி. என்று டேட்டாவும், படம் பார்க்கும் ஆப்பும் சேர்த்து வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் நியாயமா? இட்லி வேண்டுமானால் தோசையையும் வாங்கு என்பது போல இல்லையா? "ஓ.டி.டி. இலவசம்" என்று எழுதியிருக்கிறது. இலவசம் என்றால் அது இல்லாத பேக்கின் விலை ஏன் குறைவாக இருக்க வேண்டும்?

நாட்டில் சுமார் 15 கோடிப் பேர் சாதாரண பட்டன் போன் வைத்திருப்பதாக ஒரு கணக்கு. இவர்களை மனதில் வைத்து, பேச்சுக்கும் எஸ்.எம்.எஸ்.சுக்கும் மட்டும் தனி பேக் தர வேண்டும் என்று 2024 டிசம்பரில் டிராய் உத்தரவு போட்டது. 2025 ஜனவரியில் கம்பெனிகள் கொண்டுவந்தன. ஆனால் முக்கியமாக வந்தவை 84 நாள், ஓராண்டு என்று நீண்ட காலத்துக்கானவை. மொத்தமாகப் பல நூறு ரூபாய் கட்ட வேண்டும். தினக்கூலிக்காரர் எங்கே போவார்?

28 நாள் மாதம் இன்னொரு தந்திரம். ஆண்டுக்கு 12 மாதம்தான்; ரீசார்ஜோ 13 தடவை! 30 நாள் பேக் ஒன்றாவது வேண்டும் என்று 2022 ஜனவரியில் டிராய் சொல்ல வேண்டி வந்தது. காலண்டரைப் பார்க்கக்கூடவா உத்தரவு தேவை?

என்ன செய்ய வேண்டும்?

கம்பெனிகளின் திட்ட அறைகளில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு மூன்று வார்த்தை:

விலையை முதலில், தமிழில், பெரிய எழுத்தில் சொல்லுங்கள். பிறகு பொத்தானைக் காட்டுங்கள்.

தொடங்குவது எத்தனை சுலபமோ, நிறுத்துவதும் அத்தனை சுலபமாக இருக்கட்டும்.

பேச்சு மட்டும் போதும் என்பவருக்கு ஒரு மாதத்துக்கான மலிவு பேக் கொடுங்கள். அதை எல்லா ரீசார்ஜ் கடைகளிலும் எழுதிப் போடுங்கள்.

அரசாங்கமும் டிராயும் உத்தரவு போட்டதோடு தூங்கிவிடக் கூடாது. உத்தரவு கடைத்தெருவுக்கு வந்து சேர்ந்ததா என்று பார்க்க வேண்டும்.

பொதுமக்களும் சும்மா இருக்கக் கூடாது. ரீசார்ஜ் செய்யும்போது "டேட்டா இல்லாத பேக் இருக்கா?" என்று கேளுங்கள். காரணம் தெரியாமல் காசு கழிந்தால் அன்றைக்கே 155223-க்குக் கூப்பிட்டு நிறுத்துங்கள். கம்பெனியில் புகார் கொடுத்து எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பதில் சரியில்லை என்றால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்குப் போகலாம். யு.பி.ஐ.யில் "ஆட்டோபே" என்று ஒரு பகுதி இருக்கிறது. மாதாமாதம் யார் யார் காசு எடுக்கிறார்கள் என்று அதைத் திறந்து பாருங்கள். அங்கே சாவியைக் கொடுத்தவர்கள் நாம்தான். கொடுத்ததை மறந்தவர்களும் நாம்தான்!

செல்போன் கம்பெனிகள் எத்தனையோ கூடுதல் சேவைகளைக் கண்டுபிடித்தன. அத்தனையையும் மிஞ்சிய ஒரு சேவையை நம் மக்களே கண்டுபிடித்தார்கள். மிஸ்டு கால்! "வந்து சேர்ந்துட்டேன்" என்றால் ஒரு மணி. "கீழே நிக்கிறேன், வா" என்றால் இரண்டு மணி. காசு கிடையாது, பேக் கிடையாது. வங்கிகளே பிறகு அதைப் பார்த்து "மிஸ்டு கால் கொடுங்கள், இருப்பைச் சொல்கிறோம்" என்று கிளம்பின.

மக்களுக்கு என்ன வேண்டும் என்பது மக்களுக்குத் தெரியும். கம்பெனிகள் செய்ய வேண்டியது ஒன்றுதான். முதலில் கேளுங்கள். பிறகு காசு எடுங்கள்!