பொக்லைன் வேண்டாம் மாப்ள, பாசி இருக்கட்டும்

பங்குனி ரெண்டாவது ஞாயிறு. விடியக்காலை அஞ்சரைக்கு வாசல்ல கார் சத்தம். அக்கா மகன் தில்லை நகர்ல இருந்து கூட்டாளிங்க மூணு பேரோட வந்து இறங்கினான். ஆளுக்கொரு தூண்டில். நம்ம மூங்கில் குச்சி இல்லை, ரீல் வச்சது, ஆன்லைன்ல வாங்கினது. ரப்பர் தவளை, பிளாஸ்டிக் மீன்னு ஒரு பெட்டி நிறைய வேற.

"மாமா, விரால் பிடிக்கணும். ஏரிக்குக் கூட்டிட்டுப் போங்க."

போனோம். மேட்டூரை வழக்கமா ஜனவரி 28-ல் மூடுவாங்க. அதுக்கப்புறம் வெயில் ஏற ஏற ஏரி வத்திக்கிட்டே வரும். பங்குனியில் கரைக்கிட்ட இடுப்பளவு, எதிர்ப்பக்கம் முழங்காலளவு. அதுக்குள்ள கோரை, சம்பு, அல்லி, வேலம்பாசி. பசங்க பத்து தடவை வீசினா எட்டு தடவை பாசியில்தான் மாட்டுச்சு. எட்டு மணிக்குள்ள ரெண்டு ஜிலேபி, ஒரு கெளுத்தி. விரால் ஒண்ணுகூட இல்லை.

கூட்டாளி ஒருத்தருக்குப் பொறுமை போயிடுச்சு. "என்ன அங்கிள், ஏரியை இப்படிப் போட்டு வச்சிருக்கீங்க? ஆழமும் இல்லை, பூரா பாசி. ஊர்க்காரங்க சேர்ந்து சுத்தம் பண்ணக் கூடாதா?"

விருந்தாளி. நான் ஒண்ணும் சொல்லலை. நாட்டுக்கோழிக் குழம்பு வச்சு அனுப்பிட்டேன்.

மூணு நாள் கழிச்சு மாப்ள போன் பண்றான். ஏரி போட்டோவை அவங்க அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குழுவில் போட்டானாம். எல்லாருக்கும் மனசு கஷ்டமாயிடுச்சாம். ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு ரெண்டு பொக்லைன் அனுப்புறாங்களாம். பாசியை வழிச்சு எடுத்து, ஏரியை ஒரே சீரா ஆழம் பண்ணி, சுத்தியும் நடைபாதை போட்டு, நடுவுல ஒரு தீவு விட்டுத் தர்றாங்களாம். "ஊருக்கு நல்லது பண்றோம் மாமா, பஞ்சாயத்துல பேசி வைங்க."

அவனுக்குப் போன்ல சொல்ல முடியாததை இங்க எழுதுறேன். அவனுக்கு மட்டும் இல்லை, நல்ல மனசோட ஏரியைக் காப்பாத்தக் கிளம்புற எல்லா நகரத்து மக்களுக்கும்தான்.

முதல் விஷயம், ஏரின்னா ஆழம் இல்லாமத்தான் இருக்கும். அது கிணறு இல்லை, நீச்சல் குளமும் இல்லை. சரிவான நிலத்துல தாழ்ந்த பக்கம் மட்டும் கரை போட்டுத் தண்ணியை நிறுத்தி வைக்கிறதுதான் நம்ம ஏரி. கரை ஓரம், மடை இருக்கிற இடம் ஆழம். எதிர்ப்பக்கம் போகப் போக ஆழம் குறைஞ்சு, கடைசியில் பாதம் நனையிற அளவுல முடியும். அந்தப் பாதம் நனையிற இடத்துலதான் வெயில் அடிவரைக்கும் இறங்கும். பாசி முளைக்கும். புழு பூச்சி வளரும். கெண்டைக் குஞ்சு மேயும். நத்தைகுத்தி நாரை நின்னு நத்தை பொறுக்கும். ஏரியோட அடுப்பங்கரை அது. அதை வெட்டிச் சட்டி மாதிரி செங்குத்தா ஆக்கினா தண்ணி நிக்கும், ஆனா மீன் எங்க முட்டையிடும்? கொக்கு எங்க நிக்கும்?

தூர் வாரவே கூடாதுன்னு சொல்லலை. கோடையில் வண்டல் அள்ளி வயலுக்கு அடிக்கிறது எங்க அப்பா காலத்துப் பழக்கம். 2017-ல் அரசாங்கமும் விவசாயிகள் வண்டல் எடுக்க அனுமதி கொடுத்துச்சு. நான் ஏழு டிராக்டர் அடிச்சேன். ஆனா எங்க எடுக்கணும், எவ்வளவு எடுக்கணும்னு ஒரு கணக்கு இருக்கு. மடைக்கிட்ட எடுக்கலாம், கரையை ஒட்டி வெட்டக் கூடாது, எதிர்ப்பக்கச் சரிவைத் தொடக் கூடாது. மணிக்கணக்குல வாடகைக்கு வர்ற பொக்லைனுக்கு அந்தக் கணக்கு தெரியாது.

ரெண்டாவது, பச்சையா இருக்கிறதெல்லாம் ஒண்ணு இல்லை. வேலம்பாசி தண்ணிக்குள்ளேயே வளர்ந்து, பகல்ல மீனுக்கு மூச்சுக்காத்து கொடுக்கும். கோரையும் சம்பும் அலையைத் தடுத்துக் கரையைக் காக்கும். அல்லி இலை மேல இலைக்கோழி நடந்து போகும். விரால் இருக்கே, அது பாசியை ஒதுக்கி வட்டமா இடம் பண்ணித்தான் முட்டையிடும். குஞ்சு பொரிச்சா செம்பழுப்பா ஒரு கூட்டமா மேல வந்து மினுக்கும். அடியில் தாயும் தகப்பனும் காவல் நிக்கும். அன்னைக்கு மாப்ளகிட்ட அந்தச் சிவப்புக் கூட்டத்தைக் காட்டினேன். "அடியில் பெரிய விரால் இருக்கு, தவளையைப் போட்டா உடனே கவ்வும். ஆனா போடாத. அதைத் தூக்கிட்டா இந்தக் குஞ்சு அத்தனையும் மத்த மீனுக்கு இரை"ன்னு சொன்னேன். அவன் போடலை. பையனுக்கு மனசு இருக்கு, அதனாலதான் இவ்வளவும் எழுதுறேன். அந்தக் கூட்டம் இருந்தது சுத்தமான இடத்துல இல்லை. நீங்க வழிச்செடுக்கணும்னு சொல்ற பாசி நடுவுல.

அப்ப ஏரியில் பிரச்சனையே இல்லையா? இருக்கு. பசங்க போட்டோ எடுத்தாங்களே, ஊதாப் பூ பூத்து அழகா இருக்குன்னு, அதுதான் பிரச்சனை. ஆகாயத்தாமரை. தென் அமெரிக்காச் செடி. நூறு வருஷத்துக்கு முன்னாடியே இதை நம்ம நாட்டுக்குக் கொண்டு வந்ததும் பூ அழகா இருக்குன்னுதான். நல்ல தீனி கிடைச்சா ரெண்டு வாரத்துல ரெண்டு மடங்காகும். பாய் விரிச்ச மாதிரி மூடிக்கிட்டா வெளிச்சம் உள்ள போகாது, வேலம்பாசி செத்துப் போகும். செடி அழுக அழுகத் தண்ணியில் மூச்சுக்காத்து குறையும். சித்திரை வெயில்ல விடியக்காலை போய்ப் பார்த்தா கெண்டையெல்லாம் மேல வந்து வாயைப் பிளக்கும். விரால், தேளி, கெளுத்தி தப்பிச்சுக்கும், அதுங்களால காத்துலயும் மூச்சு விட முடியும். மத்ததெல்லாம் வெள்ளையா மிதக்கும். ஜிலேபியும் லேசுல சாகாது. அதனாலதான் உங்க தூண்டில்ல அன்னைக்கு ஜிலேபியும் கெளுத்தியும் மட்டும் விழுந்துச்சு.

ஊர்க்காரங்க எடுக்கலையான்னு கேட்காதீங்க. போன வருஷம் நாப்பது பேர் மூணு நாள் தண்ணிக்குள்ள நின்னு இழுத்துக் கரையில் குவிச்சோம். ஆடி முடியறதுக்குள்ள பழையபடி மூடிடுச்சு. ஏன்? தீனி வந்துக்கிட்டே இருக்கு.

தீனி எங்க இருந்து வருது? இதுக்குத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

தில்லை நகர்ல இருந்து புத்தூர் பக்கம் வந்தா ஒரு வாய்க்கால் ஓடுமே, பாலத்துல போகும்போது மூக்கைப் பொத்திக்கிறீங்களே, அதுக்குப் பேரு உய்யக்கொண்டான். ராஜராஜ சோழன் காலத்து வாய்க்கால்னு சொல்லுவாங்க, ஆயிரம் வருஷம் ஆச்சு. பேட்டைவாய்த்தலையில் காவிரியில் இருந்து பிரிஞ்சு, திருச்சிக்குள்ள புகுந்து, பாலக்கரை தாண்டிக் கிழக்கே வந்து, வாழவந்தான்கோட்டை ஏரியில் முடியுது. சுமார் 70 கிலோமீட்டர். வழியில் 30-க்கும் மேல ஏரி குளம், சுமார் 32,000 ஏக்கர் பாசனம். எங்க ஏரியும் அந்தக் கடைமடைக் கூட்டத்துல ஒண்ணு.

வாய்க்கால் ஊருக்குள்ள நுழையும்போது காவிரித் தண்ணி. வெளிய வரும்போது அதுல என்ன இருக்குன்னு உங்களுக்கே தெரியும். மேட்டூரை மூடினப்புறமும் வாய்க்கால்ல ஒரு கருப்புத் தண்ணி ஓடுதே, அது எந்த அணையில் திறந்தது? துணி துவைச்ச சோப்புத் தண்ணி, கக்கூஸ் தண்ணி. தழைச்சத்தும் மணிச்சத்தும் கலந்த உரக் கரைசல் அது. ஆகாயத்தாமரைக்கு அதைவிட என்ன வேணும்? நாத்து நடுற பொம்பளைங்க முழங்காலுக்குக் கீழ சொறிஞ்சுக்கிட்டே வீட்டுக்குப் போறாங்க. அந்தத் தண்ணியில் விளைஞ்ச அரிசி உங்க கடைக்கும்தான் வருது.

ஸ்மார்ட் சிட்டி திட்டத்துல உய்யக்கொண்டான் கரையில் நடைபாதை போட்டாங்க. விளக்கு, பெஞ்சு எல்லாம் நல்லாத்தான் இருக்கு. நடைபாதை போட்டதால தண்ணி சுத்தமாச்சா? அதே வைத்தியத்தைத்தான் இப்ப எங்க ஏரிக்கும் செய்யறேன்னு சொல்றீங்க.

"நீங்க மட்டும் யூரியா போடலையா?"ன்னு கேட்பீங்க. போடுறோம். அதுவும் வடிஞ்சு ஏரிக்குத்தான் போகுது. ஒத்துக்கிறேன். அளவைக் குறைச்சு, பாதி நிலத்துக்குத் தக்கைப்பூண்டு மடக்கி உழுதுட்டு வர்றேன். எங்க பக்கம் தப்பு இருக்குன்னு சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. உங்க பக்கத்தை நீங்க பாருங்கன்னுதான் கேட்கிறேன்.

அந்த பொக்லைன் பணத்துல ஒரு வேலை செய்யுங்க. ஒரு பிளம்பரைக் கூப்பிட்டு, உங்க அபார்ட்மெண்ட் கழிவுக் குழாய் எங்க போய்ச் சேருதுன்னு பாருங்க. பாதாளச் சாக்கடையில் சேர்ந்து பஞ்சப்பூர் சுத்திகரிப்புக்குப் போகுதா, இல்லை மழைநீர் வடிகால்ல விட்டிருக்கா? உங்களுது சரியா இருக்கலாம். பக்கத்துக் கட்டடம்? எதிர்த்த ஓட்டல்? செப்டிக் டேங்க் லாரி ராத்திரி எங்க போய்க் கொட்டுது? நாங்க இங்க இருந்து மனு கொடுத்தா "கடைமடை விவசாயி"ன்னு ஒரு ஓரமா வைப்பாங்க. வரி கட்டுற நீங்க பத்துப் பேர் போய்க் கேட்டா பதில் வரும்.

மாப்ள, பஞ்சாயத்துல நான் பேசலை. பேசவும் மாட்டேன். உங்க தெரு வடிகாலைத் திறந்து பார்த்து, அதுல என்ன ஓடுதுன்னு போட்டோ எடுத்து அதே வாட்ஸ்அப் குழுவில் போடு. அதுக்கு என்ன சொல்றாங்கன்னு எனக்குப் போன் பண்ணு.

அடுத்த பங்குனிக்குக் கட்டாயம் வாங்க எல்லாரும். ரப்பர் தவளையை வீட்டுல வச்சிட்டு வாங்க, மூங்கில் தூண்டிலும் மண்புழுவும் நான் தர்றேன். பாசி அப்படியேதான் இருக்கும். அதுக்கு நடுவுல எப்படித் தூண்டில் போடுறதுன்னு சொல்லித் தர்றேன்.