மகள் வேலைக்குப் போகிறாள், பணம் நான் அனுப்புகிறேன்

போன மாதமும் மகளுக்குப் பணம் அனுப்பினேன். விடுதி வாடகை, பஸ் காசு, போதாக்குறைக்குத் தேய்ந்துபோன கறுப்பு ஷூவுக்குப் பதில் புது ஷூ. வீட்டில் சும்மா இருக்கிற பிள்ளைக்குச் செலவு செய்தால் மனசு இப்படிக் கொதிக்காது. அவள் சென்னையில் ஒரு நட்சத்திர ஹோட்டலில் தினமும் பத்து மணி நேரத்துக்குக் குறையாமல் நின்றுகொண்டே வேலை செய்கிறாள். அங்கிருந்து ஒரு ரூபாய்கூட வருவதில்லை.

கேட்டரிங் படிக்கிற பிள்ளைகள் இதை 'ஐ.டி.' என்பார்கள். இண்டஸ்ட்ரியல் டிரெய்னிங். கிச்சன், சர்வீஸ், ஹவுஸ்கீப்பிங், ஃபிரண்ட் ஆபீஸ் என்று நாலு பிரிவிலும் சுற்றி வர வேண்டும். கிட்டத்தட்ட ஒரு செமஸ்டரே அதில் போய்விடும். வகுப்பில் ஒருநாளும் உட்காராத அந்த செமஸ்டருக்கும் கல்லூரிக் கட்டணத்தை முழுசாகத்தான் கட்டியிருக்கிறேன்.

தை மாதம் போனவள். பதினைந்து வாரம் ஆகிறது. அதில் ஒன்பது வாரம் பேன்குவெட் ஹாலிலேயே போட்டு வைத்திருக்கிறார்கள், கல்யாண சீசன் என்பதால். நாற்காலிக்கு உறை மாட்டுவது, ஸ்பூனையும் ஃபோர்க்கையும் வெந்நீரில் முக்கித் துடைப்பது, பஃபே நிரப்புவது, எச்சில் தட்டு எடுப்பது. பாதி நாள் பிரேக் ஷிஃப்ட். காலையில் நாலு மணி நேரம், ராத்திரி ஆறு மணி நேரம். இடையில் விடுதிக்குப் போய்த் திரும்ப நேரம் போதாது. லாக்கர் ரூமில் பெஞ்சில் படுத்திருக்கிறாள்.

அதே ஹாலில் வெளியிலிருந்து நாள் கூலிக்கு வருகிற பையன்களும் அதே தட்டுகளைத்தான் தூக்குகிறார்கள். ராத்திரி அவர்கள் கூலியை எண்ணி வாங்கிக்கொண்டு போகிறார்கள். இவள் லாக் புக்கில் கையெழுத்து வாங்கிக்கொண்டு வருகிறாள். ஒரு பையன் அவளிடமே சொல்லியிருக்கிறான்: "நீங்க பேட்ச் பேட்சா வந்தா எங்களக் கூப்பிட மாட்டாங்கக்கா." அவன் கோபத்தில் நியாயம் இருக்கிறது. சம்பளமில்லாமல் இருபது பிள்ளைகள் வந்து நின்றால், கூலி கொடுத்து யார் ஆள் வைப்பார்கள்?

ஹோட்டலுக்குப் போன் செய்து கேட்டேன். "ஸ்டைபண்ட் எங்க பாலிசில இல்ல சார். சாப்பாடு, யூனிஃபார்ம், சர்டிஃபிகேட் குடுக்கறோம்." கல்லூரியில் கேட்டால், "ரொம்பக் கேட்டா அடுத்த வருஷம் நம்ம பசங்கள எடுக்க மாட்டாங்க சார்." மாதாமாதம் ஏதோ ஒரு தொகை கொடுக்கிற ஹோட்டல்களும் இருக்கின்றன. அது அந்தந்த நிர்வாகத்தின் மனசைப் பொறுத்தது என்று விட்டிருப்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நான் திண்டுக்கல்லில் மெஸ் நடத்துகிறேன். பரோட்டாக் கல்லுக்குப் புதிதாக வருகிற பையனுக்கு உருண்டை பிடிக்கவும் தெரியாது. முதல் மாதம் வீச்சில் கிழிந்து வீணாகிற மாவு எவ்வளவோ. இருந்தாலும் முதல் நாள் ராத்திரியே அவன் கையில் காசு கொடுத்துவிடுவேன். சாப்பாடும் தங்க இடமும் அது போக. நான் ஒன்றும் தர்மவான் இல்லை, எங்கள் தெருவில் எல்லாக் கடையிலும் அப்படித்தான். தொழில் கற்றுக்கொடுத்ததே உனக்குக் கூலி என்று எந்த மாஸ்டரும் சொல்லி நான் கேட்டதில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. 1961-லேயே அப்ரண்டிஸ் சட்டம் வந்துவிட்டது. அதன்கீழ் பதிவானவருக்கு உதவித்தொகை கட்டாயம். ஐந்திலிருந்து ஒன்பதாம் வகுப்பு வரை படித்தவருக்கே மாதம் 5,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று 2019-இல் விதியைத் திருத்தினார்கள். 2016-இல் தொடங்கிய திட்டத்தில் உதவித்தொகையில் கால் பங்கை, மாதம் 1,500 ரூபாய் வரை, மத்திய அரசே ஏற்றுக்கொண்டது. ஆனால் கல்லூரி அனுப்புகிற ஐ.டி. பாடத்திட்டத்தின் பகுதி என்பதால், என் மகளைப் போன்றவர்கள் பெரும்பாலும் அந்தப் பதிவுக்குள் வருவதே இல்லை. பாடம் என்றால் நாலு பிரிவும் கற்றுக்கொடுத்திருக்க வேண்டும். வேலை என்றால் கூலி கொடுத்திருக்க வேண்டும். இரண்டில் எதுவும் நடக்கவில்லையே!

மெனு, செஃப், பஃபே எல்லாம் பிரெஞ்சு வார்த்தையாம், மகள்தான் சொன்னாள். அந்த பிரான்ஸில் மாணவர் பயிற்சி இரண்டு மாதத்தைத் தாண்டினால் பணம் கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. 2024-இல் மணிக்குக் குறைந்தது 4.35 யூரோ. வார்த்தையை மட்டும் கொண்டுவந்திருக்கிறோம்.

நேற்று ராத்திரி பன்னிரண்டரைக்குப் பேசினாள். "கிச்சனுக்கு எப்ப தாயி மாத்துவாங்க?" என்றேன். "முகூர்த்தம் குறைஞ்சதும்னு சொல்றாங்கப்பா." அதற்குள் அவள் டிரெய்னிங்கே முடிந்துவிடும். அடுத்த பேட்சை அனுப்பும் முன்னால், தினம் எத்தனை மணி நேரம், எந்தப் பிரிவில் எத்தனை வாரம், மாதம் எவ்வளவு ஸ்டைபண்ட் என்று ஹோட்டலிடம் எழுதி வாங்குங்கள் எனக் கல்லூரிக்குக் கடிதம் போட்டேன். மூன்று வாரமாகிறது, இன்னும் பதில் வரவில்லை.